ராஜா எறங்கிட்டாரு

வேலையில் இருந்த காலம் முழுவதும் என்னை யாரும் பேசச் சொன்னதில்லை. கம்பத்தில் ஏறு, இறங்கு, வீட்டுக்குப் போ, அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகுதான் மைக்கைக் கையில் கொடுக்கிறார்கள். எங்கள் மின்சார அலுவலகத்தில் வருடம் ஒருமுறை பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் எழுந்து 'ஒத்தை எழுத்து' கதையைச் சொல்வேன். ஒரே ஒரு எழுத்து காதில் சரியாக விழாததால் ஒரு வயர்மேன் செத்துப்போன கதை. முடித்ததும் கை தட்டுவார்கள், பிறகு டீ வரும். பல வருடம் இப்படியே ஓடிவிட்டது. உள்ளதைச் சொன்னால் எனக்கே அந்தக் கதை அலுத்துவிட்டது.

இந்த வருடம் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர், சின்ன வயதுப் பெண், போனில் கூப்பிட்டார்.

"சார், இந்தத் தடவை ஹால்ல வேண்டாம்னு இருக்கோம். பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு எல்லாருமா ஆத்தங்கரைக் காட்டுக்குப் போறோம். காலையில சுத்திப் பாத்துட்டு, மத்தியானம் சாப்பிட்டுட்டு, நீங்க அந்தக் கதையைச் சொல்லணும்."

"எந்தக் காடும்மா?"

"ராஜபாளையத்துக்கு மேற்க, மலையடிவாரத்துல சார். முன்னால தோப்பும் வயலுமா இருந்துச்சாம். ஒரு அறக்கட்டளைக்காரங்க வாங்கி, மரம் வச்சு, பறவைக்கும் அணிலுக்கும்னு விட்டிருக்காங்க. ரொம்ப அமைதியா இருக்கும்."

அது எந்த இடம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. என் கதையில் வரும் விபத்து அங்கே நடந்தபோது அவர் பிறந்திருக்கவே மாட்டார். முட்டி வலி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் வாய் 'வாரேம்மா' என்று சொல்லிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேன் ஏறினோம். பிள்ளைகள் வழியெல்லாம் பாட்டுப் போட்டார்கள். நான் ஜன்னல் வழியாகக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது. மற்றவர்களுக்கு மலை தெரியும். எனக்கு மலைக்கு முன்னால் தொய்ந்து கிடக்கும் கம்பி தெரியும்.

காட்டின் வாசலில் பச்சைச் சட்டை போட்ட ஒரு கிழவர் வேனை நிறுத்தி, பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"ஏலே ஞானராசு! வந்துட்டியா."

"வந்துட்டேண்ணே. உங்களுக்கு உடம்பு எப்பிடி இருக்கு?"

"இருக்கு. அம்புட்டுதான்."

அவர் இருளப்பன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். சோழபுரத்துப் பக்கம். எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தக் கூலியாக, ஹெல்பராக இருந்தவர். என் கதையில் காது சரியாகக் கேட்காமல் சுவிட்சைப் போட்டுவிட்ட அந்த ஹெல்பர் அவர்தான். கதையில் நான் ஒருநாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. அவர் இந்த நிலத்தில்தான் காவலுக்கு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இடையில் ஒன்றிரண்டு கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்டபோதும் அந்த நாளைப் பற்றி இருவரும் வாயைத் திறந்ததில்லை.

"என்னமோ பேசப் போறியாம்ல. அந்தப் பிள்ள சொல்லுச்சு," என்றார்.

"ஆமாண்ணே. எப்பவும் பேசுறதுதான்."

"இங்க வச்சா?"

நான் பாட்டிலை நீட்டினேன். என் பாட்டிலில் ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். "உள்ள போயிட்டு வா. பேசுறதுக்கு முன்னால செத்த நேரம் எங்கிட்ட வா. ஒண்ணு சொல்லணும்" என்றார். அதோடு எனக்குச் சுற்றிப் பார்க்கும் ஆசை போய்விட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. படித்தேன், காத்திருந்தேன், கூலியாகச் சுமந்தேன், பிறகு வயர்மேன் ஆனேன். கம்பம் ஏறக் கற்றுக்கொண்டதைவிட, கீழே நின்று பேசக் கற்றுக்கொண்டதுதான் கஷ்டமாக இருந்தது. கற்றுக்கொடுத்தவர் ஃபோர்மேன் சீனிவாசன்.

சீனிவாசன் சார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். தமிழ் வாத்தியார் ஆக வேண்டும் என்று புலவர் படிப்புக்குச் சேர்ந்து, குடும்பச் சூழ்நிலையால் பாதியில் விட்டுவிட்டுக் கரண்டு வேலைக்கு வந்தவர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கேள்வி கேட்பார். நாம் பதில் சொல்லும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் நம் பக்கம் திருப்புவார். பதில் சரியாக இல்லாவிட்டால் அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்பார். மூன்றாவது தடவைக்கு மேல் போனால் நமக்கே அழுகை வந்துவிடும்.

ராஜபாளையத்தில் வேலை பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தெருவில் நின்று 'ராஜா' என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். பெரிய வீடுகளில் எல்லோர் பெயருக்குப் பின்னாலும் ராஜா இருக்கும். மற்ற வீடுகளிலும் பிள்ளைக்கு ஆசையாக ராஜா என்று பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் குழுவிலேயே ஒரு ராஜா இருந்தான். வயர்மேன். என்னைவிடச் சின்னவன், இருளப்பன் தெருவைச் சேர்ந்தவன், அந்தத் தெருவில் இருந்து முதன்முதலாக நிரந்தரக் கரண்டு வேலைக்கு வந்தவன். கம்பம் ஏறுவதில் அவனுக்கு இணையாக ஒருத்தரும் கிடையாது. கயிறு போட்டு நாங்கள் ஏறி முடிப்பதற்குள் அவன் மேலே உட்கார்ந்து பல் விளக்குவதுபோல ஜாடை காட்டுவான்.

பெரிய லைனில் வேலை என்றால் முறை இதுதான். முதலில் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். பிறகு கம்பத்து உச்சியில் இருக்கும் பெரிய சுவிட்சைப் பிரிக்க வேண்டும். அதை இயக்கும் இரும்புக் கைப்பிடி கீழே, இடுப்பு உயரத்தில் இருக்கும். இழுத்தால் கம்பி பிரியும், தள்ளினால் சேரும். பிரித்த கைப்பிடிக்குப் பூட்டுப் போட வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். யாராவது தெரியாமல் கரண்டு விட்டுவிட்டாலும் அது மண்ணுக்குப் போய்விடும், ஆள் பிழைப்பான். வேலை முடிந்ததும் ராடுகளைக் கழற்றி, எல்லோரும் இறங்கி, இறங்கியதைச் சொன்ன பிறகுதான் கைப்பிடியைத் தள்ளலாம்.

'இறங்கியதைச் சொன்ன பிறகு' என்ற இடத்தில்தான் சீனிவாசன் சார் நின்றுவிடுவார்.

"ராஜா எறங்கிட்டான் சார்," என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"யாரு எறங்குனது?" தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ராஜா சார்."

"யாரு எறங்குனது?"

மூன்றாவது தடவையும் அதையே கேட்டார். ராஜாவே ஓடிவந்தான். "நான் எறங்கிட்டேன் சார். வயர்மேன் ராஜா."

"இதுதான். தன்மை, முன்னிலை, படர்க்கைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சியா? எறங்கிட்டேன்ங்கிறது தன்மை. எறங்குனவன் வாயால மட்டும்தான் அது வரும். எறங்கிட்டான்ங்கிறது படர்க்கை. எவன் வேணாலும் சொல்லலாம், எவனைப் பத்தி வேணாலும் சொல்லலாம். 'ஆன்' வந்தாலும் வேண்டாம், 'ஆரு' வந்தாலும் வேண்டாம், 'ஆக' வந்தாலும் வேண்டாம். 'ஏன்' வந்தாத்தான் கைப்பிடியத் தொடணும். படர்க்கை ஆளைக் கொல்லும்."

பக்கத்தில் நின்ற இருளப்பன், "ஏன் சார்?" என்று கேட்டார்.

"அதேதான்," என்றார் சார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. வேடிக்கை சொன்னோம் என்பதே அவருக்குத் தெரியாது. அந்த வருடம் முழுவதும் அலுவலகத்தில் 'சாப்பிட்டேன்', 'குடிச்சேன்' என்று எதற்கெடுத்தாலும் தன்மையில் சொல்லி ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்துகொண்டிருந்தோம்.

காட்டுக்குள் போனோம். ஒரு பையன் வழிகாட்டியாக வந்து மருத மரத்தையும் நாவலையும் காட்டினான். மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் நின்று பாய்ந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். மலையணில் ஒன்று பழைய தென்னை மரத்தில் இருந்து புங்க மரத்துக்குத் தாவியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். புல்லுக்கு அடியில் பாத்தி கட்டிய வரப்பு இன்னும் மேடாகக் காலில் தட்டுகிறது. சிமெண்டு வாய்க்கால் இலைகள் நிறைந்து கிடக்கிறது. மோட்டார் ரூமில் சுவரை உடைத்து நீளமாக ஒரு ஜன்னல் வைத்து, பறவை பார்க்கும் அறை ஆக்கிவிட்டார்கள். கம்பங்கள் எல்லாம் போய்விட்டன. அடிக்கட்டை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை. ஆறு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் நான் பார்த்தபோது காலை நனைக்கும் அளவுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தத் தோப்புக்கு முதன்முதலாகக் கரண்டு கொடுத்த குழுவிலும் நான் இருந்தேன். தோப்புக்கார ராஜா நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மோட்டார் ஓடி முதல் தண்ணீர் தொட்டியில் விழுந்தபோது "பாகுந்தி, பாகுந்தி, நல்லாருக்கு" என்று சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டி நனைத்துக்கொண்டார். எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார். இளநீர் என்றால் டம்ளர் தேவையில்லை, அதனால் யாருக்கு எந்த டம்ளர் என்ற பேச்சும் இல்லை. அவருடைய ஆள் கருப்பையா, தென்னை ஏறுகிறவர், எனக்கு வெட்டிக் கொடுக்கும்போது "சாப்பிடுங்க" என்றார். எங்கள் ராஜாவுக்குக் கொடுக்கும்போது "இந்தாலே கரண்டு, குடி" என்றார். ராஜா சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தான். இதெல்லாம் அன்றைக்குக் கண்ணில் பட்டது, மனதில் நிற்கவில்லை.

அந்த நாள் இப்படித்தான் நடந்தது. இதை நான் எத்தனையோ தடவை மைக்கில் சொல்லியிருக்கிறேன், அதனால் வார்த்தை தடுமாறாமல் வரும்.

ஐப்பசி மழை. முதல் நாள் அடித்த காற்றில் பல இடத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடந்தது. ஆள் போதாமல் சீனிவாசன் சார் குழுவைப் பிரித்தார். அவர் சில பேரோடு சோழபுரம் பக்கம் போனார். ராஜா, இருளப்பன், நான் மூவரும் தோப்புக்கு வந்தோம். பூட்டு ஒன்றுதான் இருந்தது. அங்கே வேலை பெரிது என்று அதைச் சார் எடுத்துப்போய்விட்டார். "கைப்பிடிகிட்ட இருளப்பன் நிக்கட்டும். அவன்தான் பூட்டு" என்று சொன்னார்.

சுவிட்சு ஆற்றுக்கு இந்தக் கரையில், சாலை ஓரத்தில். தோப்பு அந்தக் கரையில். ஆற்றில் செம்மண் தண்ணீர் தொடை அளவு ஓடியது. நானும் ராஜாவும் கையைக் கோத்துக்கொண்டு கடந்தோம். இருளப்பன் இந்தக் கரையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்ததும் ராஜா ஆற்றங்கரைக்கு வந்து நின்று, தன் வாயால் 'எறங்கிட்டேன்' என்று கத்த வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஆற்றங்கரைக் கம்பத்தில் ராஜா ஏறினான். இருளப்பன் நின்ற இடத்தில் இருந்து அதன் உச்சியைத் தென்னைகள் மறைத்தன. நான் தோப்பின் அந்தக் கோடியில் இருந்த கம்பத்துக்குப் போய் ராடு மாட்டினேன். விழுந்த மட்டைகளை வெட்டி எடுத்து, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டினோம். முடிந்ததும் ராஜா விசில் அடித்தான். நான் என் ராடைக் கழற்றினேன். அவனும் அவன் ராடைக் கழற்றி இறங்கினான். அதுவரை எல்லாம் முறைப்படிதான். இறங்கிய பிறகுதான் கட்டிங் பிளையரை மேலே, குறுக்குச் சட்டத்தில் வைத்துவிட்டது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அது அவன் சொந்தக் காசில் வாங்கியது. மறுபடியும் ஏறியிருக்கிறான். இதை நான் பார்க்கவில்லை. தென்னைகளுக்கு நடுவே திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தேன்.

அதே நேரத்தில் தோப்புக்கார ராஜா காற்றில் விழுந்த மரங்களைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பப் புறப்பட்டார். இந்தக் கரையில், இருளப்பனுக்கு நன்றாகத் தள்ளி, அவருடைய டிராக்டர்க்காரர் காத்துக்கொண்டிருந்தார். "ராசா வாராகளா?" என்று அவர் கத்தினார். அந்தக் கரையில் இருந்து கருப்பையா கத்தினார்.

"ராசா எறங்கிட்டாரு!"

ஆற்றில் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். எனக்குத் தெளிவாகக் கேட்டது. 'ஆரு' என்றுதான் கேட்டது. தோப்புக்காரரைச் சொல்கிறார் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தேன். பத்துப் பதினைந்து தென்னை தாண்டியிருப்பேன். டப் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு நடந்ததை நான் மைக்கிலும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

விசாரணை அலுவலக மாடியில் நடந்தது. எல்லாம் அந்த ஒரு விகுதியில் வந்து நின்றது. கருப்பையா சாமி மேல் சத்தியம் செய்தார். "எங்க மொதலாளியப் போயி 'எறங்கிட்டான்'னு சொல்லுவனாய்யா? 'ஆரு'ன்னுதான் சொன்னேன்." நானும் 'ஆரு' என்று கேட்டதாகச் சொன்னேன். பிறகு இருளப்பனைக் கூப்பிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உனக்கு என்னன்னு கேட்டது?"

"சரியா கேக்கலய்யா. ஆத்துச் சத்தம். 'எறங்கிட்டா'ங்கிறது வரைக்கும்தான் கேட்டுச்சு. எங்க பயலைத்தான் சொல்றாகன்னு நெனச்சிட்டேன்."

அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள். ஆறு ஓடியது உண்மை, சத்தம் உண்மை, கடைசி எழுத்து அமுங்கியிருக்கும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியாகச் சீனிவாசன் சார் எழுந்தார். "பூட்டு என்கிட்ட இருந்துச்சு," என்றார். அதற்கு மேல் எதைக் கேட்டாலும் அதையே, அதே குரலில் சொன்னார்.

இருளப்பனை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. ஒப்பந்தக் கூலிதானே, அடுத்த வேலைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்துத் தோப்புக்கார ராஜாவே ஆள் அனுப்பி அவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டார். எங்கள் ராஜா விழுந்த கம்பத்துக்குக் கீழேயே. எனக்கு அது அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. பிறகு பெரியவர் காலமானார், பிள்ளைகள் வெளியூர் போனார்கள், தோப்பு கை மாறிக் காடாயிற்று. காவலுக்கு இருந்தவர் அப்படியே காட்டுக்கும் காவல் ஆனார்.

சீனிவாசன் சார் அதற்குப் பிறகு இலக்கணம் பேசவில்லை. நாங்களும் கேலி பேசவில்லை. ஓய்வு பெறும் வரை பூட்டை அவர் இடுப்பில் கட்டியிருந்தார், சாப்பிடும்போதும். அவர் போன பிறகு நான் லைன்மேன் ஆனேன், ஃபோர்மேன் ஆனேன். என் கீழ் வேலை பார்த்தவர்களிடம் 'ஏன்' கேட்காமல் கைப்பிடியைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. அது பலித்தது என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கீழ் யாரும் சாகவில்லை. ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. மழைக் காலத்தில் போன் அடித்தால் இன்றைக்கும் கால் செருப்பைத் தேடுகிறது. ஓய்வு பெற்றவனுக்கு யார் போன் செய்யப் போகிறார்கள்? மகள்தான் செய்வாள்.

சாப்பாடு முடிந்தது. உதவிப் பொறியாளர் நாற்காலிகளை மரத்தடியில் வட்டமாகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனேன். இருளப்பன் பழைய தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் விட்டார். நானும் உட்கார்ந்தேன்.

"வருசா வருசம் பேசுறியாம்ல," என்றார்.

"பேரு சொல்றதில்லண்ணே."

"பேரு சொன்னா என்ன? எனக்கு ஒண்ணுமில்ல. என்னன்னு சொல்லுவ? காது கேக்கலன்னா?"

"அதானண்ணே நடந்துச்சு. ஆத்துச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. நம்ம யாரா இருந்தாலும் கேட்டிருக்காது."

அவர் தொட்டிக்குள் கிடந்த ஒரு இலையை எடுத்து வெளியே போட்டார். அந்தப் பக்கம் பிள்ளைகள் எதையோ பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சுலே," என்றார்.

"என்ன கேட்டுச்சு?"

"ஒனக்குக் கேட்ட மாதிரிதான் எனக்கும் கேட்டுச்சு. 'ஆரு'ன்னுதான் கேட்டுச்சு. சுத்தமா கேட்டுச்சு."

கோபம்தான் முதலில் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை வருடம் இந்த மனிதருக்காக மேடை மேடையாக ஆற்றைக் குறை சொல்லியிருக்கிறேன்.

"பொறவு ஏம்ணே தள்ளுனீரு? 'ஆரு'ன்னா அவியளத்தான் சொல்றாகன்னு தெரியாதா? தோப்புக்காரருக்குத்தான 'ஆரு' போடுவாக?"

"அப்பிடித்தான் நெனச்சிருக்கணும்," என்றார். "ஆனா நான் நம்ம ராசாவத்தான் சொல்றாகன்னு நெனச்சேன்."

"அவனையா?"

"பாத்தியா. நீயே 'அவனையா'ன்னு கேக்குத." அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மழை பிடிக்கிறதுக்கு முந்தின வாரம் இந்தத் தோப்புல கரண்டு போயி, தண்ணியில்லாம தென்னம்பிள்ளை அம்புட்டும் வாடிக்கிட்டு கெடந்துச்சு. ஞாயித்துக்கெழம. ஒருத்தனும் வரல. ராசாதான் தனியா வந்து ஏறிப் போட்டுட்டுப் போனான். தோப்புக்காரரு அவன் தோளத் தொட்டுப் பேசுனாராம். தெருவுல வந்து சொல்லிச் சொல்லி மாஞ்சு போனான் பய. அதுதான் என் மனசுல கெடந்துச்சு. இந்தக் கருப்பையா 'ராசா எறங்கிட்டாரு'ன்னு கத்துனதும், அடடே, நம்ம தெருப் பயலுக்கும் 'ஆரு' போட ஆரம்பிச்சிட்டாகளேன்னு நெனச்சேன். எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? படர்க்கையாவது தன்மையாவது, ஒண்ணும் தோணல. அந்தச் சந்தோசத்துலதான் தள்ளுனேன்."

அவர் கை தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"விசாரணையில இத ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்லுத? அம்புட்டு ஐயாமாரு உக்காந்திருக்காக. கருப்பையா நிக்கான். அவிய முன்னால நின்னுக்கிட்டு, எங்க பயலுக்கு இவுக மரியாத குடுத்துட்டாகன்னு நம்பிட்டேன்யான்னு சொல்லவா? சிரிச்சிருப்பாக. காது கேக்கலன்னு சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல."

"அண்ணே…"

"ஒனக்குத் தோணுச்சா அன்னைக்கு? அவனாயும் இருக்கலாம்னு ஒனக்கு ஒரு நிமிசம் தோணுச்சா?"

தோன்றவில்லை. நான் 'ஆரு' என்று கேட்டேன், பெரிய மனிதரைச் சொல்கிறார்கள் என்று நினைத்து என் பாட்டுக்கு நடந்தேன். விசாரணையில் அதைத்தான் சொன்னேன். எல்லோரும் நான் சரியாகக் கேட்டதாகச் சொன்னார்கள்.

"தோணலண்ணே," என்றேன்.

"ஒனக்கு எப்பிடித் தோணும்." குரலில் குத்தல் இல்லை. அலுப்புத்தான் இருந்தது. "ஒருத்தருக்கும் தோணிருக்காது. நான் மட்டுந்தான் கிறுக்கன்."

"சார், எல்லாரும் உக்காந்தாச்சு," என்று உதவிப் பொறியாளர் அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. இருளப்பனும் என்னைப் போ என்று சொல்லவில்லை. அவரே கேட்டார்.

"நெசமாச் சொல்லு ஞானராசு. அவன் நம்மளோட இருந்தான்ல, அம்புட்டு காலத்துல யாராவது ஒருத்தரு, ஒரு தடவையாவது, அவன 'ஆரு'ன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். சீனிவாசன் சார் அவனை 'அவன்' என்றுதான் சொல்வார், பிரியமாகத்தான் சொல்வார். நானும் அப்படித்தான். இதை எழுதும்போதும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தோப்பில், வயலில், கடையில், அலுவலகத்தில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. சொல்லலாமா என்று தயங்கினேன்.

"ஒரு தடவ உண்டுண்ணே."

"எங்க?"

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு ஒட்டுனோம்ல. 'அகால மரணம் அடைந்தார்'னு."

இருளப்பன் தலையை ஆட்டினார்.

"ஆமா," என்றார். "அதுல போட்டிருந்தாக."